முதலில் குழாயா, முதலில் வண்டியா?

பொங்கல் முடிந்த மறுநாள் தொடங்கி மாசிக் கடைசி வரை எங்கள் வேலூர்ப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் கேஷுவாலிட்டி டியூட்டியை யாரும் முகம் மலர வாங்கிக்கொள்ள மாட்டார்கள். எருது விடும் விழாக் காலம் அது. மதுரைப் பக்கம்போலத் திமிலைப் பிடித்துத் தொங்குவது இங்கே இல்லை. தெருவின் இரு பக்கமும் தடுப்புக் கட்டி, நடுவில் மாட்டை ஓடவிட்டு, எத்தனை நொடியில் எல்லைக் கோட்டைத் தாண்டுகிறது என்று பார்ப்பார்கள். தடுப்புக்கு உள்ளே வந்து நிற்கிறவனை ஓடுகிற மாடு கொம்பால் குத்தாவிட்டாலும் முட்டித் தூக்கிப் போட்டுவிட்டுப் போகும். அப்படி வருகிறவரின் சட்டையில் பல நேரம் ஒரு பொட்டு ரத்தம்கூட இருக்காது. “மார்ல முட்டிடுச்சி சார், மூச்சு வுட முடியல” என்பார். கூட வந்த பத்துப் பேருக்கும் ஒரே கேள்விதான்: “இங்கயே பாப்பீங்களா, வேலூருக்கு எடுத்துட்டுப் போயிடட்டா?”

இந்தக் கேள்விக்குப் பதினான்கு வருடமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். குடியாத்தம், ஆம்பூர், பள்ளிகொண்டா என்று நெடுஞ்சாலையை ஒட்டியும் கொஞ்சம் தள்ளியும் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரிகளில் டியூட்டி டாக்டர் வேலை. எருது வருடத்தில் இரண்டு மாதம்தான். சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை வருடம் முழுக்க ஆள் அனுப்பும். ஜவ்வாது மலை அடிவாரத்தில் புளி உலுக்க ஏறி விழுகிறவர்கள், கரும்பு டிராக்டர் கவிழ்ந்து அடியில் மாட்டிக்கொள்கிறவர்கள், ஸ்டியரிங்கில் நெஞ்சு இடித்த லாரி டிரைவர்கள் என்று மற்றவர்களும் உண்டு. எல்லோருக்கும் அடி நெஞ்சில்தான் என்றாலும் முடிவு ஒன்றாக இருப்பதில்லை. இந்த வருடம் புதிதாக டியூட்டிக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும், நோயாளியோடு வந்து வாசலில் தவித்து நிற்கிறவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழாய் வரைக்கும் இங்கே. அதற்கு மேல் அங்கே. நெஞ்சில் மொத்தையாக அடிபட்டவர்களில் ஆபரேஷன் வரை போகிறவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. கத்திக்குத்து, கம்பி ஏறியது போன்ற காயங்களில்கூட 100-க்கு 15 முதல் 30 பேர் வரைதான். மற்றவர்களுக்குத் தேவைப்படுவது ஆக்சிஜன், வலிக்கு மருந்து, தேவைப்பட்டால் உள்ளே சிக்கிய காற்றையும் ரத்தத்தையும் வெளியேற்ற விலா இடுக்கில் ஒரு குழாய், அப்புறம் கவனிப்பு. இதில் எதற்கும் பெரிய கட்டடம் வேண்டியதில்லை.

ஆனால் எங்கள் ஊரின் பெருமையே எங்களுக்குச் சிக்கலாகவும் இருக்கிறது. இந்தியாவில் நெஞ்சு அறுவைக்கென்று முறையான துறை வேரூன்றிய இடம் வேலூர். 1949-இல் ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்க சர்ஜன் சி.எம்.சி.யில் அதைத் தொடங்கினார். இப்போது ராணிப்பேட்டைப் பக்கம் கன்னிகாபுரத்தில் அவர்களுடைய புதிய வளாகம், திருவண்ணாமலை சாலையில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி என்று பெரிய இடங்கள் கிட்டத்திலேயே இருக்கின்றன. இது வரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதனாலேயே “அங்க பாத்துப்பாங்க” என்ற சொல் எங்கள் வாயில் சீக்கிரம் வந்துவிடுகிறது. ஆம்பூரிலிருந்து வேலூருக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். அந்த ஐம்பதில் எந்தக் கிலோமீட்டரில் மூச்சு நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

நானே அந்தச் சொல்லைச் சொல்லி மாட்டிக்கொண்டவன். பைக்கில் வந்து டிராக்டர் டிரெய்லரில் மோதிய பையன், இருபத்திரண்டு வயது இருக்கும். தலையில் அடி, கூப்பிட்டால் சரியாகப் பதில் இல்லை. வலப் பக்கம் மூன்று விலா முறிந்திருந்தது. எக்ஸ்ரேயில் நுரையீரலுக்கு வெளியே ஒரு விரற்கடை அகலத்துக்குக் காற்று. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு (சாச்சுரேஷன்) 95 இருந்தது. தலைக்கு சி.டி. எடுக்க வேண்டும், எங்களிடம் இல்லை. வழியில் வாந்தி எடுத்து மூச்சுக்குழலுக்குள் போய்விடக் கூடாது என்று வாய் வழியாக டியூப் போட்டு, மூச்சுக் கொடுக்கும் பேக்கை அழுத்திக்கொண்டே போகச் சொல்லி 108-இல் ஏற்றினேன். நெஞ்சுக்குக் குழாய் போடவில்லை. அதற்கு இருபது நிமிடம் ஆகும், தலைக்கு நேரம் போய்விடும் என்பது என் கணக்கு. பள்ளிகொண்டா டோல்கேட் நெருங்கும்போது வண்டியில் இருந்த இ.எம்.டி. (ஆம்புலன்ஸின் அவசர உதவியாளர்) போன் செய்தார். “சார், பேக் அழுத்தவே முடியல சார், கல்லு மாதிரி கீது. பி.பி.யும் வரல.”

தானாக மூச்சு இழுக்கிறவரின் நெஞ்சில் அந்த ஒரு விரற்கடைக் காற்று அப்படியே கிடந்திருக்கலாம். நாம் பேக்கால் காற்றைத் தள்ளும்போது கதை மாறிவிடுகிறது. ஒவ்வொரு அழுத்தலிலும் கிழிந்த நுரையீரல் வழியாகக் கொஞ்சம் காற்று வெளியே போய் நெஞ்சுக்கூட்டுக்குள் சிக்கிக்கொள்ளும். திரும்பி வர வழியில்லை. நுரையீரல் சுருங்கி, இதயம் மறுபக்கம் தள்ளப்பட்டு, இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் பெரிய நாளங்கள் நசுங்கும். நுரையீரலுக்கு வெளியே காற்று சேர்வது நிமோதோராக்ஸ்; அது இப்படி அழுத்தத் தொடங்கினால் டென்ஷன் நிமோதோராக்ஸ். வழியில் இருந்த ஒரு நர்சிங் ஹோமுக்கு வண்டியைத் திருப்பினார்கள். அங்கிருந்த டாக்டர் ஊசி குத்திக் காற்றை வெளியேற்றினார். பையன் பிழைத்துக்கொண்டான். நான் மிச்சம் பிடித்ததாக நினைத்த இருபது நிமிடம் அவன் உயிரிலிருந்து எடுத்ததாக ஆகியிருக்கும்.

அன்று முதல் எனக்கு ஒரு விதி உண்டு. வாயில் டியூப் போட்டு அனுப்பும் எவருக்கும் நெஞ்சில் காற்று இருப்பது தெரிந்தால், அது வெளியேற வழி செய்த பிறகுதான் வண்டி. சின்னக் காற்று என்றால் வென்டிலேட்டரில் இருப்பவருக்குக்கூடக் குழாய் போடாமல் கவனிக்கலாம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அதற்கு ஆய்வுகளும் இருக்கின்றன. சரிதான். ஆனால் அது ஐ.சி.யு.வுக்குச் சொன்னது, பக்கத்து அறையில் சர்ஜன் இருக்கிற இடத்துக்குச் சொன்னது. ஸ்பீட் பிரேக்கரில் குதிக்கும் வண்டிக்குள் ஒரே ஒரு இ.எம்.டி. இருக்கிற நிலைக்கு அந்த நியாயம் பொருந்தாது.

தானாக மூச்சு விடுகிறவர், நிதானமாகப் பேசுகிறவர், காற்று கொஞ்சம்தான் என்றால் நான் குழாய் போட அவசரப்படுவதில்லை. சி.டி.யில் அளந்து 35 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பெரிய இடங்களிலும் பெரும்பாலும் பார்த்துக்கொண்டிருக்கத்தான் செய்கிறார்கள். ஆக்சிஜன் வைத்து, முதுகெலும்பில் அடி இல்லை என்றால் சாய்ந்து உட்காரவைத்து அனுப்பலாம்.

எதை வைத்து முடிவெடுப்பது

காது, எக்ஸ்ரே, ஸ்கேன், சி.டி. என்று நான்கு வழி இருக்கிறது. ஒன்றைவிட ஒன்று துல்லியம், ஒன்றைவிட ஒன்று தாமதம். ஸ்கேன் மட்டும் இந்த வரிசைக்கு அடங்காது, அதற்கு வருகிறேன்.

டென்ஷன் என்று சந்தேகம் வந்தால் முதல் வழி மட்டும்தான். மூச்சுத் திணறல், ஓடும் நாடி, இறங்கும் பி.பி., ஒரு பக்கம் ஸ்டெத்தில் சத்தமே இல்லை. விரலால் தட்டிப் பார்த்தால் காலிக் குடத்தைத் தட்டியது மாதிரி இருக்கும். உள்ளே ரத்தம் நிரம்பியிருந்தால் தண்ணீர்க் குடம் மாதிரி மொத்தென்று இருக்கும். கழுத்து நரம்பு புடைத்திருந்தால் காற்று, ஒட்டிக் கிடந்தால் ரத்தம் என்று படித்திருப்போம். இரண்டும் சேர்ந்து வருகிற ஆளுக்கு அது உதவாது. உடம்பில் ரத்தமே குறைந்திருக்கும்போது நரம்பு எங்கிருந்து புடைக்கும்? மூச்சுக்குழல் ஒரு பக்கம் ஒதுங்குவது பரீட்சைக்கு நல்ல விடை, ஆனால் ரொம்பத் தாமதமாக வரும் அறிகுறி. அதற்காகக் காத்திருக்கக் கூடாது. டென்ஷன் நிமோதோராக்ஸை எக்ஸ்ரேயில் பார்த்தால் அந்த எக்ஸ்ரே எடுத்ததே தப்பு என்று எங்கள் வாத்தியார்கள் சொல்வார்கள். பத்து உறவினர் ஒரே நேரத்தில் அழுகிற கேஷுவாலிட்டியில் ஸ்டெத் வைத்துக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்பதையும் அவர்கள் சொல்லிக்கொடுத்திருக்கலாம். முதலில் கதவைச் சாத்தச் சொல்லுங்கள்.

எக்ஸ்ரேயை நம்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அடிபட்டவரை மல்லாக்கப் படுக்கவைத்துத்தான் எடுக்கிறோம். அந்த நிலையில் காற்று மேலே மார்புப் பக்கமாகப் போய்ப் பரவிக்கொள்ளும். ஏறக்குறைய பாதி நிமோதோராக்ஸ்கள் அந்தப் படத்தில் தெரியாமல் போகும். ரத்தமும் அப்படித்தான்; முதுகுப் பக்கம் படுக்கை விரித்ததுபோலப் பரவி, அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் மங்கலாக மட்டும் காட்டும். உட்காரவைத்து எடுத்தால்கூட 200, 300 மி.லி. சேர்ந்த பிறகுதான் கீழ் மூலை மழுங்குவது தெரியும். “எக்ஸ்ரே நார்மல்” என்று சீட்டில் எழுதும்போது இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்கேன் என்று நம் ஆட்கள் சொல்கிற அல்ட்ராசவுண்ட் இந்த வேலைக்கு அருமையான கருவி. இரண்டு விலாவுக்கு நடுவில் வைத்துப் பார்த்தால், நுரையீரல் உறை மினுமினுத்து நகர்வது கண்ணுக்குத் தெரியும். நகராவிட்டால் அங்கே காற்று இருக்கலாம். இதயத்தைச் சுற்றி ரத்தம், நெஞ்சின் அடியில் ரத்தம், வயிற்றில் ரத்தம் எல்லாம் ஐந்து நிமிடத்துக்குள் தெரிந்துவிடும். படுத்திருப்பவரிடம் எக்ஸ்ரேயைவிட இது நன்றாகவே காற்றைக் கண்டுபிடிக்கும். அப்புறம் ஏன் எல்லாக் கேஷுவாலிட்டியிலும் இல்லை? பணம் மட்டும் காரணமில்லை. கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்க 1994-இல் வந்த சட்டம் ஒவ்வொரு ஸ்கேன் மெஷினையும் பதிவு செய்யச் சொல்கிறது. இடம் மாற்றுவதற்கும் கட்டுப்பாடு உண்டு. சட்டம் தேவையானதுதான். ஆனால் சின்ன ஆஸ்பத்திரிகளில் மெஷின் ஓர் அறைக்குள் பூட்டியே இருக்கிறது, சாவி ரேடியாலஜிஸ்ட்டிடம். அவர் வருவது மாலை ஐந்து மணிக்கு. முறையாகப் பதிவு செய்து கேஷுவாலிட்டியிலேயே ஒன்று வைத்துக்கொள்ள நிர்வாகத்தைக் கேட்டு வாங்குங்கள். எந்தச் செலவைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடக் கூடாது என்பது என் எண்ணம்.

சி.டி.யில் எல்லாம் தெரியும். ஆனால் பி.பி. இல்லாதவரை அந்த வளையத்துக்குள் தள்ளக் கூடாது. வேகமாக வந்து மோதி, முதல் விலா முறிந்து, எக்ஸ்ரேயில் நெஞ்சின் நடுப்பகுதி அகலமாகத் தெரிந்தால் பெரிய தமனி கிழிந்திருக்குமோ என்ற சந்தேகம் வரும். அவருக்கு சி.டி. கட்டாயம் வேண்டும், அதுவும் அறுவை வசதி இருக்கிற இடத்தில். அங்கே வண்டிதான் முதல்.

ஊசி, விரல், குழாய்

டென்ஷன் என்று முடிவாகிவிட்டால் கையில் மூன்று வழி இருக்கிறது. வேகமானது ஊசி. படித்த காலத்தில் காறையெலும்பின் நடுவுக்கு நேர் கீழே, இரண்டாவது விலா இடைவெளியில் குத்தச் சொன்னார்கள். அமெரிக்க சர்ஜன்கள் கல்லூரி நடத்தும் ஏ.டி.எல்.எஸ். பயிற்சி 2018-இல் இதை மாற்றியது. பெரியவர்களுக்கு இப்போது அக்குளுக்குக் கீழே, நடு அக்குள் கோட்டுக்குச் சற்று முன்னால், நான்காவது அல்லது ஐந்தாவது இடைவெளி. குழந்தைகளுக்குப் பழைய இடமே. ஏன் மாற்றினார்கள் என்றால், மார்பின் முன்பக்கம் சதை தடிப்பு, ஊசி எட்டுவதில்லை. 5 செ.மீ. ஊசி பாதிப் பேருக்குச் சற்று மேல்தான் உள்ளே போய்ச் சேருகிறது, 8 செ.மீ. என்றால் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல். நம் அலமாரியில் இருக்கும் ஆரஞ்சு நிற 14 கேஜ் வென்ஃப்ளான் நாலரை சென்டிமீட்டர். ஆம்பூர் பிரியாணியில் வளர்ந்த உடம்புக்கு அது போதுமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்தாலும் மடங்கிக்கொள்ளும், ரத்தம் கட்டி அடைத்துக்கொள்ளும். ஊசி பத்து நிமிட அவகாசம் வாங்கித் தரும் கடன். குழாய் போட்டுத்தான் அதை அடைக்க முடியும்.

இரண்டாவது வழி விரல். அதே அக்குள் இடத்தில் சின்னதாக வெட்டி, ஆர்ட்டரி ஃபோர்செப்ஸால் தசையைப் பிரித்து, விரலை உள்ளே விட்டுவிடுவது. காற்று சீறிக்கொண்டு வெளியே வரும். நுரையீரல் விரிந்து விரல் நுனியில் வந்து முட்டுவது தெரியும். அந்த நொடியில் வரும் நிம்மதிக்கு ஈடில்லை. ஊசிபோல “போச்சா, போகலையா” என்ற சந்தேகம் இதில் கிடையாது. ஆனால் பேக்கோ வென்டிலேட்டரோ மூச்சுக் கொடுக்கிறவருக்கு மட்டும்தான் அந்தத் துளையை அப்படியே விட்டு அனுப்பலாம். தானாக மூச்சு இழுப்பவருக்குத் துளை வழியாக வெளிக்காற்று உள்ளே போகும். நாமே ஒரு திறந்த காயத்தை உண்டாக்கியதாக ஆகும். பேக் போட்டு அனுப்பும்போது என் முதல் தேர்வு இப்போது இதுதான். வழியில் பேக் மறுபடி கல்லானால் கையுறை போட்டு அதே துளையில் விரலை விட்டுத் திறந்துவிட, கூடப்போகும் டாக்டருக்குச் சொல்லி அனுப்பலாம்.

மூன்றாவது, முழு ஐ.சி.டி., அதாவது நெஞ்சுக் குழாய். பழகிய கைக்குப் பத்து நிமிடம், பழகாத கைக்கு அரை மணி. விலாவின் மேல் விளிம்பை ஒட்டியே போக வேண்டும், கீழ் விளிம்பில் ரத்தக் குழாயும் நரம்பும் ஓடுகின்றன. குழாயை விடும் முன் விரலால் உள்ளே சுற்றித் துழாவிப் பார்ப்பதை எங்கள் பக்கம் விடவே கூடாது. எப்போதோ காசநோய் வந்து ஆறிய நுரையீரல் விலாவோடு ஒட்டிக்கொண்டிருப்பவர் நிறைய. கம்பி வைத்த கூர்மையான ட்ரோக்காரால் குத்தித் தள்ளுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். நுரையீரலுக்குள்ளும் கல்லீரலுக்குள்ளும் குழாய் போய் நின்ற கதைகள் பலவும் அதனால் வந்தவை. மரத்துப்போகும் ஊசியைத் தாராளமாகப் போட்டு, அது வேலை செய்ய இரண்டு நிமிடம் பொறுங்கள்.

எவ்வளவு பெரிய குழாய்? முன்பு 36, 40 ஃபிரெஞ்ச் (குழாய்ப் பருமனின் அளவு) என்று தோட்டத்துக் குழாய் மாதிரி போடுவோம். இப்போது 28 முதல் 32 போதும் என்கிறார்கள். நிதானமாக இருக்கும் நோயாளிக்கு 14 ஃபிரெஞ்ச் பிக்டெயில் என்ற நுனி சுருண்ட மெல்லிய குழாய் போட்டாலே காற்றுக்கும் ரத்தத்துக்கும் ஈடுகொடுக்கிறது, வலியும் குறைவு. நான் காற்று மட்டும் என்றால் பிக்டெயிலுக்குச் சரி என்பேன். அவசரத்தில், ரத்தமும் இருக்கும் ஆளை வண்டியில் அனுப்பும்போது பெரிய குழாய்தான். சின்னது அடைத்துக்கொண்டால் வண்டியில் யார் கழுவுவார்கள்?

உறவினர்களைச் சம்மதிக்கவைப்பது தனி வேலை. “நெஞ்சுல ஓட்டை போட்டுட்டா அப்புறம் பொழைக்கமாட்டாங்களாமே” என்று ஒரு பேச்சு எங்கள் பக்கம் உண்டு. குழாய் போட்டபின் இறந்த ஒருவரை எல்லோருக்கும் தெரிந்திருக்கும். குழாய் போட்டதால் நடந்து வீட்டுக்குப் போனவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நான் படம் வரைந்து காட்டுவேன். “டயர்ல மாட்டின காத்த எடுத்துவிடற மாதிரி” என்றால் மெக்கானிக் கடை வைத்திருக்கும் மாமா ஒருவர் கூட்டத்தில் தலையாட்டுவார். மற்றவர்களை அவர் பார்த்துக்கொள்வார்.

ரத்தம் என்றால் என் கட்சி கொஞ்சம் ஆட்டம் காணும். குழாய் போட்டதும் 1,500 மி.லி. வந்தாலோ, அதன்பின் மணிக்கு 200 மி.லி. வீதம் இரண்டு முதல் நான்கு மணி நேரம் வந்துகொண்டே இருந்தாலோ நெஞ்சைத் திறக்க வேண்டியிருக்கும். பிளட் பேங்க் இல்லாத இடத்தில் குழாய் போட்டு, பாட்டில் நிரம்புவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது கொடுமை. அதனால் மூச்சு தாங்குகிறது, பி.பி.தான் இறங்குகிறது, தட்டினால் மொத்தென்று கேட்கிறது என்றால் வண்டி முதலில். இரண்டு பெரிய வென்ஃப்ளான், ரத்தக் கசிவைக் குறைக்கும் ட்ரானெக்ஸாமிக் ஆசிட் 1 கிராம் பத்து நிமிடத்தில். அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் போட்டால்தான் அதற்குப் பலன். கிராஷ்-2 என்ற ஆய்வு 40 நாடுகளில் 20,000 பேருக்கு மேல் சேர்த்துக் காட்டியது இதைத்தான். சலைனை லிட்டர் லிட்டராக ஓட்டாதீர்கள். தலையில் அடி இல்லை என்றால் மேல் பி.பி. 80, 90 இருந்தாலே பெரிய இடம் போய்ச் சேரும்வரை போதும். மூச்சும் தாங்கவில்லை என்றால் வேறு வழியில்லை, குழாய் போட்டுக்கொண்டே ஓட வேண்டியதுதான்.

இதயத்தைச் சுற்றி ரத்தம் கட்டியிருந்தால் யோசிக்கவே வேண்டாம். மார்பு நடுவில் கத்திக்குத்து, பி.பி. இல்லை, இரு பக்கமும் மூச்சுச் சத்தம் நன்றாக இருக்கிறது என்றால் நெஞ்சைத் திறக்கத் தெரிந்தவர் இருக்கும் இடத்துக்கு நேராக வண்டி. ஊசி விட்டு உறிஞ்சப் பார்ப்பதெல்லாம் ஆபரேஷன் தியேட்டர் கதவு திறக்கும்வரை தாக்குப்பிடிக்க.

காற்று உறிஞ்சும் திறந்த காயத்துக்கு விவாதம் குறைவு. வெளிக்காற்று புகாமல் மூட வேண்டும், உள்காற்று வெளியேற வழி விட வேண்டும். வால்வு வைத்த ஒட்டுத் துணி இருந்தால் அது. இல்லையென்றால் ஐ.வி. பாட்டில் வரும் பிளாஸ்டிக் உறையை வைத்து மூன்று பக்கம் மட்டும் பிளாஸ்திரி. ஈரத்திலும் ரத்தத்திலும் அது ஒட்டாமல் போவது சகஜம். நான்கு பக்கமும் ஒட்டிவிட்டால் மூச்சுத் திணறினால் உடனே பிரித்துவிட ஓர் ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கம்பி ஏற்றிய லாரியில் மோதி நெஞ்சில் கம்பியோடு வந்தால், கம்பியை யாரும் பிடுங்கக் கூடாது. வெளியே நீண்டிருப்பதை ஆடாமல் கட்டி, வேண்டுமானால் வெளியே வெட்டி, அப்படியே அனுப்ப வேண்டும்.

புத்தூர்க் கட்டு

குழாயும் வேண்டாம், ஆபரேஷனும் வேண்டாம், விலா எலும்பு மட்டும் முறிந்திருக்கிறது என்கிறவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். இவர்களுக்குக் கேள்வி வேறு: அட்மிஷனா, வீடா, இல்லை புத்தூரா? ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் புத்தூர், எலும்பு முறிவுக் கட்டுக்கு எங்கள் மாவட்டம் முழுக்கப் பெயர் பெற்றது. பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பட்டை. கை காலுக்கு அது சரியா தப்பா என்பது வேறு வழக்கு, இங்கே எடுக்கவில்லை. விலாவுக்குக் கட்டவே கூடாது. புத்தூரில் கட்டினாலும் சரி, நம் ஆஸ்பத்திரியில் கிரேப் பேண்டேஜ் சுற்றினாலும் சரி. எங்கள் மூத்த தலைமுறை டாக்டர்களே பிளாஸ்திரி வரிந்து கட்டியவர்கள்தான். கட்டினால் வலி குறைவது உண்மை. ஆழ்ந்து மூச்சு இழுக்க முடியாமல் போவதும் உண்மை. சளி வெளியேறாது, நுரையீரலின் அடிப்பாகம் சுருங்கும், ஐந்தாம் நாள் காய்ச்சலோடு நிமோனியாவாகத் திரும்பி வருவார்.

கட்டுக்குப் பதில் வலி மருந்து. அதையும் “வலிக்கும்போது போட்டுக்கோ” என்று கொடுத்தால் கட்டியதற்குச் சமம்தான். பாராசிட்டமால் 1 கிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, வலி இருக்கிறதோ இல்லையோ. கிட்னி சரியாக இருந்தால் கூடவே டைக்ளோஃபினாக் போன்ற ஒன்று, போதாவிட்டால் ட்ரமடால். பலமான முறிவு, நான்கைந்து விலா என்றால் மாத்திரையோடு மல்லுக்கட்டாமல் மயக்க மருந்து டாக்டரைக் கூப்பிடுவதுதான் சரி. முதுகுத் தண்டுக்கு வெளியே போடும் எபிடூரல் வெகுகாலமாக இருக்கிறது. ஸ்கேன் பார்த்து முதுகுத் தசைக்கடியிலோ விலாப் பக்கத் தசைக்கடியிலோ மரத்துப்போகும் மருந்தைப் பரப்பும் பிளாக்குகள் இப்போது வந்திருக்கின்றன. போட்ட அரை மணியில் முகம் மாறுவதைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

மூன்று பந்து வைத்த மூச்சுப் பயிற்சிக் கருவியைக் கொடுக்காத ஆஸ்பத்திரி இல்லை. “ஊதற மெஷின்” என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதனால் எல்லோரும் ஊதுகிறார்கள். பந்து எழும்பாமல், மெஷின் கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்கிறார்கள். அது ஊதுவதற்கில்லை, உறிஞ்சுவதற்கு. இளநீர் ஸ்ட்ரா மாதிரி என்று சொல்லிக்கொடுங்கள், புரிந்துகொள்வார்கள்.

யாரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது? அறுபத்தைந்து வயதுக்கு மேல், மூன்று விலாவுக்கு மேல் என்றால் நான் அனுப்ப மாட்டேன், அவர் வராந்தாவில் நடந்து காட்டினாலும் சரி. 2000-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், வயதானவர்களுக்குக் கூடுதலாக முறியும் ஒவ்வொரு விலாவுக்கும் இறப்பு 19 சதவீதமும் நிமோனியா 27 சதவீதமும் கூடியது. அடுத்தடுத்த மூன்று விலாக்கள் ஒவ்வொன்றும் இரண்டு இடத்தில் முறிந்தால் நெஞ்சின் ஒரு துண்டே தனியாக ஆடும். மூச்சு இழுக்கும்போது மற்ற பக்கம் உப்ப, அது மட்டும் உள்ளே போகும். அந்த ஆட்டத்தைவிட அதன் கீழே நசுங்கிய நுரையீரல்தான் ஆபத்து. முதல் நாள் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் நிலைமை மோசமாகும். “நேத்து நல்லாதான பேசிட்டிருந்தாரு” என்று கேட்கிற வீட்டாருக்கு நான் முதல் நாளே இதைச் சொல்லிவிடுகிறேன். இவர்களுக்கு முதல் நாளிலேயே, நல்ல நிலையில் இருக்கும்போதே வண்டி. திணறத் தொடங்கியபின் அனுப்புவது பாதி வழியில் தவிக்கவிடுவது.

செலவை நினைத்துத் தயங்குகிறவர்களுக்கு: சாலை விபத்து என்றால் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் உண்டு, சித்தூர் நம்பர் பிளேட் என்றாலும் உண்டு. எருது முட்டியதற்கு இது பொருந்தாது. காப்பீட்டு அட்டையைத் தேட வேண்டும்.

வண்டியில் ஏற்றும்போது

குழாய் போட்டாகிவிட்டது, வண்டி வந்துவிட்டது. நல்ல வேலையெல்லாம் கெடுவது இந்த ஐந்து நிமிடத்தில்தான். ஸ்ட்ரெச்சர் மாற்றும்போது தண்ணீர் சிந்தும் என்று அட்டெண்டர் குழாயில் கிளாம்ப் போடுவார், போட்டதை மறந்துவிடுவார். காற்று கசியும் நெஞ்சில் குழாயைக் கிளாம்ப் போடுவது குழாய் போடாததைவிட மோசம். ஒரு தடவை பாட்டிலை அம்மா மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு வந்தார்; மகன் கீழே ஸ்ட்ரெச்சரில். பாட்டிலில் இருந்த தண்ணீர் நெஞ்சுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழே இருக்க வேண்டும், குழாயின் நுனி தண்ணீருக்குள் 2 செ.மீ. மூழ்கியிருக்க வேண்டும், சாயக் கூடாது. வண்டிக்கு என்றால் பாட்டிலைவிட ஒருவழி வால்வு வைத்த பை மேல். கவிழ்ந்தாலும் காற்று உள்ளே போகாது. அது இல்லாதபோது பாட்டிலை ஸ்ட்ரெச்சர் காலோடு பிளாஸ்திரி போட்டு இறுக்கிக் கட்டிவிடுகிறோம்.

போகிற இடத்துக்கு முன்கூட்டியே போன். “ஆக்சிடென்ட் கேஸ் வருது” என்றால் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. வலப் பக்கம், எத்தனை மணிக்கு அடி, குழாய் போட்டாச்சு, இவ்வளவு ரத்தம் வந்தது, எந்த வகை ரத்தம் தயாராக இருக்க வேண்டும் என்று சொன்னால் வாசலில் ஆள் நிற்கும். 108 பைலட்டிடமும் (டிரைவர்), மூச்சு மோசமானால் நேரே போகாமல் வழியில் எந்த ஆஸ்பத்திரியில் திருப்பலாம் என்று கிளம்பும் முன்பே பேசிவிடுவது நல்லது.

ரெஃபர் சீட்டில் குழாய் போட்ட நேரம், போட்டதும் வந்த அளவு, கிளம்பும்போது இருந்த அளவு மூன்றையும் எழுத வேண்டும். எங்கள் சிஸ்டர் ஒருவர் இன்னொரு பழக்கமும் கொண்டுவந்தார். பாட்டில் மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி, ரத்தம் நிற்கும் மட்டத்தில் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் மணியை எழுதிவிடுவார். சீட்டு யார் பாக்கெட்டிலோ தங்கிப்போகிறது. கோடு பாட்டிலோடு போய்ச் சேர்ந்துவிடுகிறது.